ஒரேயொரு தொம்

நான் மிருதங்கம் வாசித்தால் பாட்டுக் கேட்காது. இதை நான் சொல்லவில்லை. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் நடந்த ஓர் அரங்கேற்றத்தில் பாடிய பிள்ளையின் தகப்பன் சொன்னது. இடைவேளையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மகேந்திரண்ணை, பிள்ளையும் பாடுறாள். அதையும் சனம் கொஞ்சம் கேக்கட்டுமே" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் பாதியில் இன்னும் பலமாக வாசித்தேன். அதற்குப் பிறகு அரங்கேற்றங்களுக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

பகலில் லாசாலில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலை. பின்னேரங்களில் வில்லரேயில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து, ஆளில்லாத கச்சேரிக்கு வாசிப்பேன். மேல்மாடிக்காரர் முதல்முதலாகக் கதவைத் தட்டியபோது சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த இரண்டு கெட்ட வார்த்தைகளையும் தயாராக வைத்துக்கொண்டு திறந்தேன்.

ஒல்லியான, உயரமான, வயதான வெள்ளைக்காரர் நின்றார். பெயர் பெனடெக் வாமோஷ், ஹங்கேரி நாட்டவர்.

"கடைசியாகச் செய்தீர்களே, அதை இன்னொருதரம் செய்யமுடியுமா?" என்றார்.

"எதை?"

"நிறுத்தினதை."

நாங்கள் இருவரும் பேசுவது உடைந்த பிரெஞ்சில். தமிழில் எழுதும்போது இரண்டுபேரும் ஒழுங்காகப் பேசுவதுபோலத் தெரியும், அதை நம்பவேண்டாம். எப்படியோ, அவர் கேட்டது விளங்கியது. மிருதங்கத்தின் இடதுபக்கத் தோலில் ரவையைக் குழைத்துப் பூசி ஓங்கி ஒன்று வைத்தால் 'தொம்' என்று ஒரு நாதம் எழும்பி, இழுபட்டு, மெல்ல அடங்கும். அந்த அடங்கல்தான் அவருக்குப் பிடித்திருந்தது. நான் அரை மணிநேரம் வாசித்ததில் அவருக்குப் பிடித்தது நான் வாசிக்காத இடம்.

அவர் இசையமைப்பாளர், வாத்தியக்குழுவை நடத்துகிறவரும்கூட. பேச் என்ற ஊரில் பிறந்து, அந்த ஊர் வாத்தியக்குழுவிலேயே கைக்கோல் பிடிக்கப் பழகியவர். நாற்பது வருஷத்துக்கு முன்னர் ஒரு சின்னக் குழுவோடு மொன்றியலுக்கு வாசிக்க வந்து, திரும்பிப் போகாமல் நின்றுவிட்டார். அதற்காக ஊரில் அப்போதிருந்த கம்யூனிஸ்ட் ஆட்சிக்காரர் அவருடைய பெயரை நிகழ்ச்சிநிரல்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே ஆட்சி மாறியபிறகும் திரும்பச் சேர்க்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. இங்கே பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார், தேவாலயப் பாடகர் குழுக்களை நடத்தினார், இரவில் தன்னுடையதை எழுதினார். "என்னுடைய ஒவ்வொரு படைப்பும் இரண்டுதரம் மேடையேறியிருக்கிறது. முதல்தரமும் கடைசித்தரமும் ஒரே நாளில்" என்பார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. என்னைவிடவும் ஆட்கள் தேடிவராத ஒரு கலைஞர் பக்கத்திலேயே இருப்பது பெரிய ஆறுதல்.

போன பனிக்காலத்தில் அவருக்குப் பேச் ஊரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வாத்தியக்குழுவின் புதிய இயக்குநர் எங்கேயோ அவர் பெயரைக் கண்டிருக்கிறார். புதிய படைப்பு ஒன்றின் ஒலிப்பதிவு அனுப்புங்கள், பிடித்தால் நீங்களே வந்து நடத்தலாம் என்று எழுதியிருந்தார். வாமோஷ் அதைக் காட்டியபோது அவருடைய வலதுகை நடுங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன். "இது நடுக்குவாத வருத்தம்" என்றார். "அடுத்த வருஷம் இந்தக் கை என் சொல் கேட்குமோ தெரியாது. அதற்குள் ஒருதரம் அந்த மேடையில் நிற்கவேண்டும்."

ஏழு வாத்தியங்களுக்கு எழுதினார். முடிவில் எல்லாம் நின்றுபோகும். நீண்ட மௌனம். அதற்குப் பிறகு அவர் தலையசைத்ததும் ஒரேயொரு தொம். அதுதான் என் பங்கு.

"ஒரு சின்னத் தீர்மானச் சொற்கட்டு வைச்சு முடிச்சால் எடுப்பாய் இருக்கும்" என்றேன்.

"வேண்டாம்."

"மூண்டு தொம்?"

"ஒன்று."

எங்கள் தமிழ்ச் சனத்துக்கு நான் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. 'வெள்ளைக்காரனின்ரை சிம்பொனியில் மிருதங்கம்' என்றுமட்டும் சொன்னேன். இரண்டு வான் வண்டி நிறையச் சனம் வருவதாக ஏற்பாடானது. "ஒரு அடிக்கு இவ்வளவு சனமோ?" என்றாள் என் மனைவி புஷ்பவதி. எங்கள் கலைமன்றத் தலைவர் அருளம்பலம் அண்ணை, காரில் மாற்றுச் சில்லோடு ஒரு பொன்னாடையும் எப்போதும் வைத்திருக்கிறவர். எனக்கு எப்போது போர்த்துவது என்று கேட்டார். "சும்மா இருங்கோ அண்ணை, உதெல்லாம் எனக்கெதுக்கு?" என்றேன். அதே மூச்சில், "இசை நிண்ட உடனை வாங்கோ. பிந்தினால் சனம் எழும்பிப் போயிடும்" என்றும் சொல்லிவைத்தேன்.

கச்சேரி வில்லரேயில் ஒரு பழைய தேவாலயத்தில். வாத்தியக்காரர்களுக்கு அந்த ஒரு பின்னேரம்தான் வசதி, அதனால் ஒலிப்பதிவும் ஒன்றுதான். இசை நடந்தது. நான் ரவை பூசி, பட்டுவேட்டி கட்டி, புதுமாப்பிள்ளைபோல அசையாமல் இருந்தேன். பிறகு எல்லாம் நின்றது. வாமோஷ் இரண்டு கைகளையும் உயர்த்தி மௌனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கையும் உயர்ந்தது.

கிறீச்.

திரும்பிப் பார்த்தேன். பனிச்சப்பாத்தோடு அருளம்பலம் அண்ணை நடுவழியால் வந்துகொண்டிருந்தார். கிறீச், கிறீச். இரண்டு கைகளிலும் பொன்னாடை விரிந்திருந்தது. வாய் திறக்கமுடியாது. 'திரும்பிப் போங்கோ' என்று கண்ணால் காட்டினேன். ஆனால் எங்கள் மேடைகளில் பொன்னாடை வாங்குகிறவர் கண்ணைக் காட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு வேண்டாம், முதலில் பெரியவருக்குப் போடுங்கள். அண்ணைக்கு என் பணிவு பிடித்துவிட்டது. நேரே போய் வாமோஷின் தோளில் போர்த்தி, கும்பிட்டார்.

எங்கள் இரண்டு வான் சனமும் கைதட்டியது. அதைப் பார்த்து வெள்ளைக்காரரும் தட்டினார்கள். வாமோஷ் உயர்த்திய கைகளை இறக்கவில்லை. சரிகைக் கரையோடு சேர்ந்து கைகள் நடுங்கின. கைதட்டல் ஓய்ந்தது. அருளம்பலம் அண்ணைக்கும் ஏதோ பிசகிவிட்டது விளங்கி, நின்ற இடத்திலேயே நின்றார். அப்போது வாமோஷ் தலையை அசைத்தார்.

அது எனக்கா, அண்ணைக்கு நன்றியா? தெரியவில்லை. அவர் கன்னத்தில் கண்ணீர் வேறு ஓடியது. பிழையான நேரத்தில் அடித்தால் மிச்சமிருந்ததும் போய்விடும். ஆகவே நான் அடிக்கவில்லை. இதை யாரும் ஞானம் என்று நினைக்கவேண்டாம். முழுப்பயம். நெடுநேரத்துக்குப் பிறகு அவர் கைகளை இறக்கினார். பொன்னாடையோடு வீட்டுக்குப் போனார்.

அதன்பிறகு நான் மிருதங்கத்தைத் தொடவில்லை. "காய்ச்சலோ?" என்று புஷ்பவதி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கப் போவேன், பாதிப்படியில் திரும்பி வருவேன். ஒரு மனிதருடைய கடைசி ஆசையை என் ஒரு பொன்னாடைக்காகக் கெடுத்துவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

பனி கரைந்த காலத்தில் அவர்தான் வந்து கதவைத் தட்டினார்.

"அன்றைக்கு அருளம்பலத்தைக் கொல்ல நினைத்தேன்" என்றார். "உங்களையும். வேறு பதிவு இல்லை, அதையே அனுப்பினேன். பேச் ஊரில் கேட்டிருக்கிறார்கள், அந்த நடை, கைதட்டல், பிறகு வரும் இரண்டாவது மௌனம், இதையெல்லாம் தாளில் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று."

"என்ன சொன்னீங்கள்?"

"பிறகுதான் இருந்து எழுதினேன்." கையிலிருந்த தாள்களை நீட்டினார். "நாற்பது வருஷம். என் இசைக்கு நடுவில் எழும்பினவர்கள் எல்லாரும் வாசலுக்குத்தான் போனார்கள். ஒருவராவது என்னிடம் வரவில்லை."

பேச் குழு ஒத்துக்கொண்டுவிட்டது. ஜூன் மாதம் அவர் அந்த மேடையில் நிற்கப்போகிறார். நானும் அருளம்பலம் அண்ணையும் கூட வரவேண்டும், அண்ணை பனிச்சப்பாத்தோடு. கடைசி வரியில் என் வாத்தியத்துக்கு நேரே எழுதியிருந்ததை விரலால் காட்டினார். 'கை உயர்த்தவும். அடிக்கவேண்டாம்.'

"அடிக்காமல் இருக்க அங்கே ஆக்கள் இல்லையோ?" என்றேன். கொஞ்சம் கோபம்தான்.

"அவர்கள் அடிக்காவிட்டால் சும்மா நிற்பதுபோல இருக்கும். நீங்கள் அடிக்காமல் இருக்கும்போது, அடிக்கத் துடிப்பது கடைசி வரிசை வாங்குவரை தெரிகிறது. அதை யாருக்கும் பழக்கமுடியாது."

பின்னேரம் ரவை குழைக்கச் சொன்னேன். "அடிக்கிறதே இல்லையெண்டால் பிறகேன் ரவை?" என்றாள் புஷ்பவதி. பூசாமல் கையைத் தூக்கினால் அது நடிப்பு என்றேன். தலையில் அடித்துக்கொண்டு குழைத்துத் தந்தாள்.

பூசினேன். கையை உயர்த்தினேன். மேலே நடந்துகொண்டிருந்த காலடி நின்றது. அவரும் கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் அசையவில்லை. வீடு முழுக்க ஒரு சத்தமில்லை. உள்ளங்கை தினவெடுத்தது. தோள் வலித்தது. எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் பொறுப்பான்?

தொம்.

மேலேயிருந்து தடியால் தரையில் தட்டினார். இத்தனை வருஷத்தில் என் வாசிப்புக்கு அவர் தட்டியது அதுதான் முதல்தரம். சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கையை உயர்த்தினேன்.