மூன்றாம் மாடியில் கோதுமைத் தட்டு

செர்பியாவின் நிஷ் நகரத்தில் அந்தப் பழைய கட்டடத்தில் பெர்சிதா அக்கா காதுக்குப் போகாத சேதி கிடையாது. அவள் தயவில், மூன்றாம் மாடித் துன்யாவுக்கு வருகிற புதன்கிழமை பள்ளிச் சேர்க்கைத் தேர்வு என்பதும், அதை நடத்தப்போவது முதல் மாடியில் இருக்கும் பள்ளி மனநல ஆலோசகர் வுகோசாவா என்பதும் படிக்கட்டு முழுக்கத் தெரியும். வுகோசாவா தலையசைத்தால் தெருமுனைப் பள்ளி. இல்லாவிட்டால் இரண்டு பஸ் மாறிப் போகிற, சிறப்புக் குழந்தைகளுக்கான தனிப்பள்ளி.

ஆறரை வயது துன்யா யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். ஒழுங்கு குலைந்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் போயானா டீச்சர் இரண்டு வருஷமாகப் பொறுமையாகச் சொல்லித் தருகிறாள்.

"எங்க வீட்டுப் பையன் மிலான் அஞ்சு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இப்ப மூட வைக்கத்தான் டீச்சர் தேடுறோம்," என்பாள் பெர்சிதா.

இன்று புனித ஜார்ஜ் நாள், துன்யா குடும்பத்தின் காவல் புனிதருக்கான வீட்டுத் திருநாள். இதற்கு யாரையும் அழைப்பதில்லை. போன வருஷம் வந்தவர்கள் தாமாக வருவார்கள். வுகோசாவா போன வருஷம் வந்தவள். அம்மாக்காரி ஸ்மில்யாவின் கணக்கு அதுதான். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிடுகிற இனிப்புக் கோதுமைத் தட்டை மகள் கையில் கொடுத்து அவளை அசத்திவிடலாம்.

"இத பரீட்சை ஆக்கிடாதீங்க," என்று போயானா எச்சரித்திருந்தாள். ஆனாலும் மூன்று வாரம் பிளாஸ்டிக் தட்டு வைத்துப் பழக்கினாள்: நீட்டு, முகத்தைப் பார், காத்திரு.

வுகோசாவாவும் பெர்சிதாவும் வந்ததும் துன்யா தட்டை நீட்டினாள். வுகோசாவா சிலுவைக்குறி போட்டு, சுத்தமான கரண்டி ஒன்றை எடுத்து, இனிப்புக் கோதுமையை வாயில் போட்டாள். பெர்சிதாவிடம் ஆட்டுக்கறி விலையைப் பேசிக்கொண்டே, எச்சில் கரண்டியை அதற்கென்று தட்டில் இருந்த தண்ணீர்க் குவளையில் போடாமல் சுத்தமான கரண்டிகளின் குவளையில் செருகிவிட்டாள்.

துன்யாவின் தோள் காதுவரை ஏறிற்று. தட்டில் கரண்டிகள் கிணுகிணுத்தன. பெர்சிதா பேச்சை நிறுத்தியது அதுவே முதல் தடவை.

போய்த் தட்டை வாங்கிக்கொள்ளலாமா? ஸ்மில்யா ஒரு அடி வைத்து நின்றாள். காத்திரு என்பது தனக்கும்தானே.

துன்யா மூச்சை இழுத்து விட்டாள். வுகோசாவாவின் மூக்கைப் பார்த்தாள்.

"தப்பான குவளை. பரவால்ல. எடுத்து இதுல போடுங்க."

வுகோசாவாவின் முகம் சிவந்தது. கரண்டியை எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

"மன்னிச்சுக்கோ, துன்யா."

"மத்ததையும் கழுவணும்," என்று தட்டோடு சமையலறைக்குத் திரும்பினாள் துன்யா. கழுவிக்கொண்டு வந்தபோது பெர்சிதா ஒரு வாய் சாப்பிட்டு, கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து, சரியான குவளையை இரண்டு தரம் பார்த்துப் போட்டாள்.

போகும்போது வுகோசாவா கதவருகே நின்றாள்.

"புதன்கிழமை போயானாவையும் கூட்டிட்டு வா, ஸ்மில்யா. நம்ம பள்ளியிலயே சேத்துக்கலாம். ஆனா வகுப்பு டீச்சருக்கு போயானா முதல்ல பயிற்சி கொடுக்கணும். உன் மக யாரையும் விட்டுவைக்க மாட்டா."

ஸ்மில்யா தலையசைத்தாள். வுகோசாவா கீழே இறங்கி வெகு நேரமாகியும் கதவுக் கைப்பிடியை அவள் விடவில்லை.