ஆறு பக்கத்தில் அடங்காதது

அக்காவும் தங்கையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் கணினி நிரல்மொழிகளை ஆராய்ந்தார்கள். அக்காவின் கட்டுரையைப் பெரிய மாநாடு மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தது. இப்போது தங்கை தன் முதல் கட்டுரையோடு வந்து நின்றாள்.

“இதை எங்க அனுப்பலாம், அக்கா? பெரிய மாநாட்டுக்கா?”

அக்கா படித்தாள். பிழையான நிரலை அது ஓடுவதற்கு முன்பே பிடித்துவிடலாம் என்பதற்கு, அவள் வருடக்கணக்கில் தேடிய நிரூபணம் அங்கே அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது.

“அங்க உன்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுருவாங்கடி. சின்னக் கருத்தரங்கு எதுக்காவது அனுப்பு.”

“நீ சொன்னா சரிதான்” என்று தங்கை உடனே வேலையில் இறங்கினாள். சின்னக் கருத்தரங்கில் ஆறு பக்கம்தான் ஏற்பார்கள். பத்தி பத்தியாக வெட்டிக்கொண்டே வந்தவள், அந்த நிரூபணத்தையும் அழித்தாள்.

“ஏய், அதை ஏன்டி தூக்குற?”

“இடமில்லையேக்கா. முடிவை மட்டும் சொன்னா போதாதா?”

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தங்கையை நாற்காலியோடு ஓரமாகத் தள்ளிவிட்டு, அழித்ததை மீட்டாள்.

“பெரிய மாநாட்டுக்கே அனுப்பு.”

“கிழிச்சிடுவாங்கன்னு சொன்னியே?”

“கிழிக்கட்டும். முழுசாப் படிச்சிட்டுக் கிழிக்கட்டும்.”

தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. இது தனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்று, நிரூபணத்தின் கடைசி வரியை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தாள்.