இடது கை முடிச்சு

டிராக்டரில் மாட்டி மாந்தோப்பில் புல் வெட்டும் மிஷினைத் திருத்தணி பூபாலன் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினபோது, கியர்பாக்ஸ் அடியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது. வாங்கி இரண்டே மாதம்தான் ஆகிறது. வாங்கித் தந்தவன் என் கூடப்பிறந்த அண்ணன் ஜெகநாதன். அம்மையார்குப்பத்தில் அவன் தறி ஓட்டும் முதலாளியின் தோப்பில் ஏற்கெனவே ஓடிய பழைய மிஷின் அது. மலையடிவாரத்தில் சூடம் கொளுத்தி, டிராக்டர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டவனும் அவனேதான்.

"இந்த கியர்பாக்ஸ யாரும் தொறந்ததே இல்ல தேவகி. முருகன் மேல சத்தியம்" என்றான்.

அதற்குமேல் என்ன கேட்பது? என் வீட்டுக்காரர் மட்டும், எதற்கும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்கலாமே என்று இழுத்தார். என் அண்ணனையே சந்தேகப்படுகிறீர்களா என்று அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். இரண்டு நாள் பேசவே இல்லை.

மிஷினைப் பட்டறைக்குக் கொண்டுபோன அன்று அண்ணனும் அங்கேயே வருவதாகச் சொல்லியிருந்தான். மறுநாள் மலைமேல் என் மகள் துர்காவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மருமகளுக்குப் பட்டுப்பாவாடை வாங்கிவிட்டதாக ஒரு வாரமாகப் போனில் பெருமை அடித்துக்கொண்டிருந்தான்.

பூபாலன் மிச்ச எண்ணெயை வடித்துவிட்டு, மிஷினைச் சாய்த்துப் பிளேடுகளைக் கழற்றினார். பிளேடைச் சுழற்றும் தண்டு கியர்பாக்ஸிலிருந்து கீழே இறங்கும் இடத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்க ஆயில் சீல் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கும், தோப்பில் கிடக்கும் கயிறு, கம்பி ஏதாவது தண்டில் சுற்றி அதை அறுத்துவிடும், எல்லா மிஷினுக்கும் வருவதுதான் என்று தைரியம் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தவர் அப்படியே பேச்சை நிறுத்திவிட்டார்.

"இது தானா சுத்திக்கின நூலு இல்லக்கா. கையால சுத்தி கட்டிக்கிறாங்க. சீலு எப்பவோ போயிருக்குது. எண்ணெ ஒழுகறது தெரியாம மறைக்கத்தான் இந்த வேல."

நூலை அறுத்து என் கையில் போட்டார். டீசலில் கழுவினதும் வாடாமல்லி நிறம் தெரிந்தது. தறி நூல். முடிச்சும் தறிக்காரன் முடிச்சு. ஆனால் எங்கள் ஊரில் எல்லோரும் போடுகிற பக்கம் இல்லை, நேர்மாறாக இருந்தது. இடது கைக்காரன் போட்டது. நைனா எத்தனையோ அடித்துப் பார்த்தும் அண்ணனுக்கு அந்தக் கை மாறவே இல்லை.

கியர்பாக்ஸை யாரும் திறக்கவில்லை என்றது உண்மைதான், இதைக் கட்ட அதைத் திறக்க வேண்டியதே இல்லையே. முருகனிடமும் அளந்து பார்த்துத்தான் சத்தியம் செய்திருக்கிறான். அப்படியும் மனசு கேட்கவில்லை. ஊரில் வேறு இடது கைக்காரன் இருக்கமாட்டானா என்று தவித்தது.

பூபாலன் புது சீலை வைத்து, குழாய்த் துண்டால் சுற்றிலும் மெல்லத் தட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் பையோடு வந்து சேர்ந்தான். என்ன ஆச்சு என்று கேட்டான். நான் இரண்டு துண்டு நூலை நீட்டினேன்.

"அண்ணா, இத்த கொஞ்சம் முடிச்சு போட்டுக் குடு."

பேச்சுவாக்கில் வாங்கினான். கை தானாகவே போட்டு முடித்தது. நான் அடுத்த கையைத் திறந்து பழைய முடிச்சைக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் செத்துப்போனது.

"மொதலாளி கட்டச் சொன்னாரு. கட்டும்போது நீ வாங்குவேன்னு எனக்குத் தெரியாதுமா."

"வாங்கும்போது தெரியும் இல்ல?"

பூபாலன் எண்ணெய் ஊற்றி, டிராக்டரில் மாட்டிப் பத்து நிமிஷம் ஓட்டினார். கீழே விரித்த பேப்பரில் ஒரு சொட்டுகூட இல்லை. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பையிலிருந்து பாவாடையை எடுத்து நீட்டினான்.

"காலைல எத்தினி மணிக்கு மலைக்கு வரணும்?"

நான் பாவாடையைத் தொடவில்லை.

"நீ வர வேணாம்ணா. புள்ள அவங்க அப்பா மடியிலயே உக்காந்துக்கும்."