ஒல்லாந்திலிருந்து தண்ணீர் மாறியவர்

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் முறை. தெல்லிப்பழைப் பக்கம் ஐந்து வீட்டாருக்குப் பொதுவான தோட்டக் கிணறு அது. மாலை ஐந்து மணிக்கு மோட்டரைப் போட்டால் ஆறரை வரைக்கும் தண்ணீர் எனக்கு. அந்த நேரம் ஒல்லாந்தில் மதியச் சாப்பாட்டு வேளை. என் மனுசன் கஜீவன் அங்கே ஒரு கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி வளர்க்கிறார். ஒன்பது வருடமாக முறை தவறாமல் அழைப்பார். நான் அவருடைய பழைய சேட் ஒன்றை மாட்டிக்கொண்டு, அதன் பையில் போனைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்குவேன்.

பேச்சுக்கு நடுவே "மாறு" என்பார். பாத்தி நிறைந்துவிட்டது, அதன் வாயை அடைத்து அடுத்ததற்குத் தண்ணீரைத் திருப்பு என்று அர்த்தம். காய்ந்த மண் குடிக்கும்போது ஒரு சத்தம், குடித்து முடித்ததும் வேறொரு சத்தம். அதை அத்தனை தூரத்திலிருந்து கேட்டுச் சொல்கிற மனுசன் யாருக்கு வாய்க்கும்? பக்கத்துத் தோட்டத்து றொசாந்தியிடம் இந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்துவிட்டது.

அவர் தோட்டத்தில் மண்ணே கிடையாது. தேங்காய்ப் பொச்சைத் தூளாக்கி அடைத்த பையில்தான் தக்காளி வேர்விடும். முதல் நாள் பையைப் பிரித்தபோது எங்கள் வீட்டுக் கோடிப்புறத்துப் பொச்சுக் குவியலின் மணம் அடித்ததாம். பையைத் திருப்பிப் பார்த்தால் இலங்கை என்று எழுதியிருந்ததாம். அன்று வேலை ஓடவில்லை என்றார்.

கூட வேலை செய்கிறவர்கள் நாலு திக்கிலும் தோட்டம் செய்தவர்கள். வியட்நாம்காரி ஒருத்தியின் ஊரில் மலையையே படிகளாக வெட்டி நெல் விதைப்பார்களாம்; காலையில் வயலுக்குள் முகில் நிற்குமாம். வங்காளத்துக்காரன் ஆகாயத்தாமரையை அடுக்கி, தண்ணீரில் மிதக்கிற பாத்தி போட்டவன். வெள்ளம் ஏறினால் தோட்டமும் கூடவே ஏறுமாம். இதையெல்லாம் கேட்டபடி பொழுது சாய்கையில் பார்த்தால் என் செம்மண் தோட்டமும் மெல்ல மிதக்கும். வெங்காயத் தாளுக்குள் முகில் வந்து நிற்கும். எனக்கு வீடு போகவே மனம் வராது.

ஆனால் போன வெள்ளியிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பங்குனியோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. "வாறன்" என்றுதான் வருடம் முழுக்கச் சொன்னார். இப்போது முதலாளி இன்னும் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தக் கடதாசியை நீட்டியிருக்கிறாராம். அதைச் சொல்லிவிட்டு உடனே வேறு கதைக்குத் தாவிவிட்டார். கள்ளன்.

இந்தச் செவ்வாய் மொறொக்கோக்காரனின் கதை.

"பாலைவனத்துக்குள்ள தோட்டமடி. மேல ஈச்சமரம், அதுக்குக் கீழ மாதுளை, அதுக்கும் கீழ கோதுமை. ஈச்சமரம் குடை பிடிக்காட்டி ஒண்டும் மிஞ்சாதாம்."

"தண்ணிக்கு?"

"அங்கையும் முறைதான். அடியில ஓட்டை போட்ட செம்புக் கிண்ணத்தைத் தண்ணியில விடுவினமாம். அது நிறைஞ்சு தாழுற வரைக்கும் ஒராளின்ரை முறை."

நான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துளித்துளியாக அது நிறைந்தது. ஈச்சமர நிழலில் என்னைப் போல் ஒருத்தி, மண்வெட்டியை ஊன்றியபடி, அது தாழட்டும் என்று காத்திருந்தாள். அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

காலில் குளிர் ஏறியது. குனிந்தால், வரம்பு உடைந்து தண்ணீர் கீழ்ப் பாத்திக்குள் பாய்கிறது. நாளைக்குக் கிண்டவேண்டிய வெங்காயம் அது. தண்ணீரே காட்டக்கூடாது.

ஓடிப்போய் மண்ணை அள்ளிப் போட்டு அடைத்தேன்.

"ஏன் மாறு எண்டு சொல்லேல்லை? கையெழுத்து வைச்சிட்டியள், என்ன? அதுதான் காது இஞ்சை இல்லை!"

"இன்னும் வைக்கேல்லை, மதுரா. கையிலைதான் வைச்சிருக்கிறன்." "எனக்குத் தண்ணிச் சத்தம் பிடிபடாமப் போய் நாலு வருசம். பாத்தி நிறையிற நேரம் நீ மண்வெட்டியைத் தூக்குவாய். அப்ப உன்ரை கையில காப்பு கிலுங்கும். அதைக் கேட்டுத்தான் மாறு எண்டு சொன்னனான். இண்டைக்குக் காப்புச் சத்தம் வரேல்லை."

நான் வரம்பு மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினேன்.

"மண்ணை மறந்தவன் வந்து என்ன செய்யிறது? உனக்குப் பாரம். அதுதான் கையெழுத்து வைப்பமோ எண்டு யோசிச்சன்."

நாலு வருடம் என்னைப் பேய்க்காட்டி ஏமாற்றியிருக்கிறார்! கோபம் தலைக்கேறியது. அப்புறம் யோசித்தால், இத்தனை நாளும் மண்ணின் சத்தத்தைக் கேட்டு நேரம் தவறாமல் மண்வெட்டியைத் தூக்கியது என் கை. றொசாந்தியிடம் நான் அடித்த பெருமையெல்லாம் எனக்கு உரியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூக்கைச் சேட்டுக் கையில் துடைத்துக்கொண்டேன்.

"இஞ்சாருங்கோ, தண்ணிச் சத்தத்தை நான் கேப்பன். நீங்கள் காப்புச் சத்தத்தைக் கேட்டாப் போதும். அதைப் பக்கத்தில வந்து நிண்டு கேளுங்கோ."

இன்னும் பதினொரு பாத்தி கிடந்தது. தண்ணீர் அடுத்த பாத்தியைத் தடவித் தடவி நிறைத்தது. குடித்த மண் அடங்கியதும் மண்வெட்டியைத் தூக்கினேன். காப்பு கிலுங்கியது.

"மாறு" வரவில்லை. சேட்டுப் பைக்குள்ளிருந்து கடதாசி கிழிகிற சத்தம் வந்தது. ஒரு தரம். பிறகு இன்னொரு தரம்.

அதற்குப் பிறகுதான் "மாறு" என்றார்.