தையல் வெளியே தெரிந்த கவுன்

தண்ணீர் டம்ளரை உயர்த்திப் பிடித்தபடி ரேணுகா தரையில் மண்டியிட்டிருந்தாள். "தண்ணின்னு சொல்லு பூஜா. ஒரே ஒரு வாட்டி." எதிரே உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பூஜா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரின் விளிம்பில் நடுங்கிய வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரேணுகாவின் மணிக்கட்டைப் பற்றி, கரண்டியை இழுப்பதுபோல் அந்தக் கையைத் தன் வாயருகே இழுத்தாள். ரேணுகா மெல்ல விடுவித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே உப்பளப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. கடைசியில் அழுகைதான் வந்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் கிடைத்தது.

மூன்று மாதமாக இப்படித்தான். ரேணுகா கல்நெஞ்சக்காரி அல்ல. தன் ஊரான பிரம்மதேசத்தில் விடியற்காலைப் பஸ்ஸைப் பிடிக்க வரும்போதே, கோயில் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, இன்றைக்காவது அந்தக் குழந்தையின் வாய் திறக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் வருவாள். புதுச்சேரியில் சைக்காலஜி படிக்கும்போது ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. கிடைத்த வேலையோ, சுனாமி அலையில் மிரண்டுபோன பிள்ளைகளுக்காக ஒரு டிரஸ்ட் மரக்காணத்தில் திறந்திருந்த இந்த ஒற்றை அறை மையம். பூஜாவின் படிவத்தில் ஆபீஸ்காரர் எழுதியிருந்தார்: 'அலைக்கு முன்பு அம்மா, தண்ணி, சோறு என்று பேசுவாள். அதன் பிறகு பேச்சு நின்றுவிட்டது.' குழந்தை கைகளை உதறும்போதும், சிப்பிகளை வரிசை பிசகாமல் அடுக்கும்போதும் ரேணுகாவுக்கு இது ஆட்டிசமோ என்று சந்தேகம் வரும். உடனே படிவத்தைப் புரட்டி அந்த வரியைப் பார்ப்பாள். இருந்த வார்த்தைதானே, தாகம் எடுத்தால் திரும்பி வந்துவிடும் என்று தன்னையே தேற்றிக்கொள்வாள்.

ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, டிரஸ்ட்டிலிருந்து பிள்ளைகளுக்குப் புதுக் கவுன்கள் வந்தன. வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் பஞ்சநாதன் வரும்போது எல்லோரும் போட்டிருக்க வேண்டும். போட்டுப் பார்த்த மறுகணமே பூஜா தரையில் விழுந்து கத்தினாள். கழுத்தையும் அக்குளையும் பிறாண்டிக்கொண்டாள். சத்தம் கேட்டு, பக்கத்து அளத்தில் உப்பு சுமந்துகொண்டிருந்த அவள் அம்மா செந்தமிழ், காலெல்லாம் வெள்ளை பூத்திருக்க ஓடிவந்தாள். கவுனைக் கழற்றினாள், உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பினாள், மறுபடி மாட்டிவிட்டாள். சோற்றுப் பையிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்துக் குழந்தையின் கன்னத்தில் வைத்தாள். அழுகை நின்றது.

அந்தத் துணி, நிறம் போன ஒரு சின்னஞ்சிறு கவுன். கைத்தையல். அதன் தையல் முழுவதும் வெளிப்பக்கமாகவே போடப்பட்டிருந்தது.

"இது எப்பத் தெச்சதுக்கா?"

"ரெண்டு வயசுல, மாசி மகத்துக்கு நானே தெச்சேன் டீச்சர். தையலு மேல பட்டா இவளுக்கு..." செந்தமிழ் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

ரேணுகா அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். அலை வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்தத் தையலோ நாலு வருஷத்துக்கு முந்தையது; அப்போதே குழந்தை இப்படித்தான் இருந்திருக்கிறாள். "அப்ப இவ எப்பவுமே பேசினதில்லையாக்கா?"

"ஒரு வார்த்த இல்ல." செந்தமிழ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எங்க குப்பத்துல ஒரு நல்லது கெட்டதுக்கு என்னியக் கூப்புட மாட்டாங்க டீச்சர். பெத்தவ செஞ்ச பாவம்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லுவாங்க. அலைக்கப்புறம் எங்களக் கொண்டாந்து தகரக் கொட்டாய்ல போட்டாங்க. சுத்தி எல்லாம் வேற ஊரு ஆளுங்க. பக்கத்து வூட்டு சுலோசனா, ஏம்மா புள்ள பேசலன்னு கேட்டா. அலையப் பாத்து பயந்துட்டான்னு வாயில வந்துடுச்சு. ஐயோ பாவமேன்னு தூக்கி மடியில வெச்சிக்கினா. அது வரைக்கும் எம்புள்ளய வேற யாரும் மடியில வெச்சதே இல்ல. அதான், இங்க பேர் எழுதறப்பவும் அதையே சொல்லிட்டேன்."

ரேணுகா தண்ணீர்ப் பானைமேல் கவிழ்த்திருந்த டம்ளரைப் பார்த்தாள். ஆசைப்பட்டுப் படித்த பாடம் மூன்று மாதமாக எதிரிலேயே உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறது.

"நான் இவளத் தாகத்தோட உக்கார வெச்சேன்க்கா."

"ஒருநா ஜன்னலாண்ட நின்னு பாத்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். அலையால வந்தது இல்லன்னா இங்கேருந்து பேர எடுத்துடுவாங்களோன்னு பயந்துட்டேன்." அவள் ரேணுகாவின் கையைப் பிடித்தாள். "எடுத்துடுவாங்களா டீச்சர்?"

"தெரியலக்கா. சுலோசனாகிட்ட நான் எதுக்குச் சொல்லப்போறேன்? ஆனா சார்கிட்ட சொல்லித்தான் ஆவணும். பொய்ய வெச்சிக்கினு இவளுக்கு நான் என்ன சொல்லித் தர்றது?"

செந்தமிழ் வெகுநேரம் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "எழுதுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ரேணுகா படிவத்தில் அந்தப் பழைய வரியை அடித்தாள். கீழே பிள்ளையார் சுழி போட்டு எழுதினாள்: 'பிறந்ததிலிருந்து பேச்சு இல்லை. ஆட்டிசமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும். இவளுக்கு இந்த இடம் வேண்டும். சனிக்கிழமைதோறும் புதுச்சேரிக்குப் போய், இவளுக்குச் சொல்லித் தரும் விதத்தை நான் கற்றுக்கொள்கிறேன்.' கொஞ்சம் யோசித்துவிட்டு, தண்ணீர் விஷயத்தையும் மறைக்காமல் எழுதினாள்.

பஞ்சநாதன் வெயிலில் வந்து விசிறிக்கொண்டே உட்கார்ந்தார். "ஏம்மா, அந்தப் புள்ளைக்கு கவுன யாரு திருப்பி மாட்டுனது? போட்டோ எடுக்கணும்னு சொல்லியிருந்தேனே?"

"அவளுக்கு அப்படித்தான் சார் ஒத்துக்கும்."

"வேலைக்கு வந்து மூணு மாசம். அதுக்குள்ள ஆபீஸ்ல எழுதுனத அடிச்சி வெச்சிருக்க," என்றபடி படிவத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார். தண்ணீர் பற்றிய வரியில் அவர் விசிறி நின்றது. வாசலுக்கு வெளியே, தலைச்சும்மாட்டோடு செந்தமிழ் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை.

அப்போது ரேணுகாவின் மணிக்கட்டை ஒரு சின்னக் கை பற்றியது. பூஜா அவளைப் பானையருகே இழுத்துப்போய், அவள் கையைத் தூக்கி மூடியின்மேல் வைத்தாள்.

"தண்ணி," என்றாள் ரேணுகா, அவளுக்குப் பதிலாகத் தானே. மூடியைத் திறந்து டம்ளர் நிறைய மொண்டு கொடுத்தாள். பூஜா இரண்டு கையாலும் பிடித்து மடக் மடக்கென்று குடித்தாள். உப்பளக் காற்றில் அவள் தோள்மேல் தையல் நூல்கள் ஆடிக்கொண்டிருந்தன. பின்னால், பஞ்சநாதன் படிவத்தைப் புரட்டி மேலே படிக்கும் சத்தம் கேட்டது.