வரேன் என்று சொல்லிவிட்டவள்

தாத்தாவின் ஸ்டூலை மலையுச்சியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிய லிஃப்ட் மெக்கானிக், நாற்பது நிமிடம் நடந்து மறுபடி அதே உச்சிக்கு வந்து சேர்ந்தாள். அப்போது காலை பதினொன்று. மத்தியானம் மூன்று மணிக்குள் இன்னும் நாலு முறை இறங்கிப் பார்த்தாள். நாலு முறையும் உச்சிதான். பாதை ஒன்றே ஒன்று, கிளை கிடையாது. மற்றவர்கள் அதே பாதையில் இறங்கி, பஸ் பிடித்து, வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். உச்சியில் தகரக் கொட்டகை போட்டுத் தண்ணீர் பாட்டில் விற்பவர், "என்னம்மா, இப்பத்தான இறங்கினே? எதாவது மறந்துட்டியா?" என்றார். அவள் பையைத் திறந்து பார்த்தாள். ஸ்பேனர், டெஸ்டர், டார்ச் எல்லாம் இருந்தன.

தாத்தா ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஓட்டியவர். அந்த மரஸ்டூலில் உட்கார்ந்தபடியே, மாடிக் கணக்கில் பார்த்தால், இந்த மலையை நாலாயிரம் தடவை ஏறிவிட்டதாகச் சொல்வார். "ஆனா ஒரு தடவைகூட மேல காத்து படலடா கண்ணு" என்பார். பேத்தியைச் சின்ன வயதில் ஸ்டூலின் பாதியில் உட்கார வைத்துக்கொண்டு, பட்டனை அமுக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டவர். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் "போயிட்டு வாங்க" என்பார், அவர்களும் வந்தார்கள். ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் ஏழு மாதம் தினமும் ஒன்பதரைக்கு ஆறாவது மாடியில் வந்து நின்றார், ஏன் வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டில் யாராவது வாய் தவறி "போறேன்" என்றுவிட்டால் தாத்தா தெருமுனையிலிருந்துகூடக் கூப்பிட்டு, உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். மோட்டார் இரைச்சலில் காது போன பிறகு, எதைச் சொன்னாலும் கடைசி வார்த்தை மட்டும்தான் அவருக்குக் கேட்டது. அவர் இறந்த நாற்பதாவது நாள், அவருக்காக ஒரு தடவை ஏறிவிடுவோம் என்று ஸ்டூலை முதுகில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். உச்சியில் அதைக் காற்றுப் பக்கமாகத் திருப்பி வைத்து, பழக்கதோஷத்தில், "தாத்தா, போயிட்டு வரேன்" என்றாள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் தண்ணீர்க்காரர்தான். "நீதானம்மா ஒவ்வொரு தடவையும் வரேன் வரேன்னு சொல்லிட்டு இறங்குறே. அப்புறம் வராம என்ன பண்ணுவே?"

சொல்லாமல் கிளம்பிப் பார்த்தாள். கால் தரையை விட்டு எழும்பவில்லை. "அடுத்த வருஷம் வரேன்" என்றாள். தேதியெல்லாம் தாத்தா காதில் விழவில்லை, அரை மணியில் உச்சியில் நின்றாள். "வேலை முடிஞ்சுது, கையெழுத்துப் போடுங்க" என்று கம்பெனி பாணியில் சொன்னதற்கு ஸ்டூல் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதை அவரிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் அதோடு சரி, இனி அவரைத் தேடி வரமுடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அப்படியே மூன்று வருடம் ஓடிற்று. கொட்டகையின் பின்பக்கம் படுக்கை. சோலார் பலகையில் போன் சார்ஜ். ஊர் லிஃப்ட்களில் மாட்டிக்கொண்டவர்களைக் கம்பெனி அவள் போனுக்குத்தான் இணைத்தது. "கதவைத் தள்ளாதீங்க சார். லைட் எரியுதா? இருபது நிமிஷம், ஆள் வந்துடும்." எத்தனை நேரமானாலும் இருபது நிமிஷம் என்றே சொல்ல வேண்டும், அதுதான் தொழில். நாலு வயது மகளைப் புருஷன் ஞாயிறுதோறும் கூட்டிவந்தான். அவனைத் தாத்தாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது என்பதால், அவன் எதைச் சொல்லிவிட்டுப் போனாலும் மலை கண்டுகொள்ளவில்லை. "எப்பம்மா வீட்டுக்கு வருவே?" என்று மகள் கேட்பாள். "இருபது நிமிஷம்டா" என்பாள் மெக்கானிக்.

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிறு, மகள் செருப்பைப் போட்டுக்கொண்டே, "உன் இருபது நிமிஷத்துல நான் ரெண்டாங்கிளாஸ் வந்துட்டேன்" என்றாள். பிறகு, எப்போதும்போல அம்மாவைப் பார்த்துச் சொல்லாமல், ஸ்டூலைப் பார்த்து, "நான் போறேன்" என்றாள். மெக்கானிக் ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், உட்காரச் சொன்னாள், சரியாகச் சொல்லச் சொன்னாள். மகள் வாங்கவில்லை, உட்காரவில்லை. முதல் வளைவில் அவள் பின்னல் மறைந்தது.

அடுத்த ஞாயிறு புருஷன் மட்டும் மூச்சு வாங்க வந்து நின்றான். "அவளும்தான் கிளம்பினா. மூணு தடவை ஏறிப் பாத்தா. மூணு தடவையும் பஸ் ஸ்டாப்புலதான் போய் நிக்கிறா. அழுதுட்டு இருக்கா. என் போனைக் கையில கொடுத்து, டீக்கடை அம்மாகிட்ட உட்கார வெச்சுட்டு வந்தேன்."

மெக்கானிக் பையை எடுத்துக்கொண்டாள். தண்ணீர்க்காரர் கொட்டகைக்குள் போய்விட்டார். அவள் ஸ்டூலின் பாதியில், சின்ன வயதில் உட்கார்ந்த அதே பக்கத்தில், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். காற்று நன்றாக அடித்தது. எழுந்து, அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக, "தாத்தா, போறேன்" என்றாள். தாத்தா லிஃப்ட்டில் எழுந்து கதவைத் திறந்துவிடும்போது வருமே, அந்த "டக்" ஒன்று ஸ்டூலிலிருந்து வந்தது. பாதை வெறும் பாதையாகக் கீழே போயிற்று. மகளுக்குப் போன் போட்டாள். "எவ்ளோ நேரம்?" என்றது குரல். "ரெண்டு மணி நேரம் ஆகும்டா, கால் மரத்துப்போச்சு" என்றாள். இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று.

ஸ்டூல் இன்னும் மேலேதான் இருக்கிறது. மூட்டு வலிக்காரர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள், தண்ணீர்க்காரர் அதை மழையில் நனையவிடுவதில்லை. வருடத்துக்கு ஒருநாள் அம்மாவும் மகளும் காலையில் ஏறத் தொடங்குகிறார்கள். நாற்பது நிமிடம் மூச்சிரைக்க ஏறி, பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்கிறார்கள். கால் மட்டும் உச்சிவரை போய் வந்ததுபோல வலிக்கிறது. அங்கே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார்கள்.