எந்தப் பெரியாயி?

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஏதோ சரியில்லை என்று நளீராவுக்குத் தெரிந்துவிட்டது. வழக்கமாக அவளைக் கண்டதும் "மிஸ்ஸி வந்திருச்சு!" என்று அலறிக்கொண்டு தேயிலைக்குள் ஓடி ஒளியும் பிள்ளைகள் இன்று ஒளியவில்லை. நின்று சிரித்தார்கள். ஊசியோடு வருபவளைப் பார்த்துப் பிள்ளை சிரித்தால் அது நல்லதுக்கில்லை.

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் வாசலில்தான் அம்மைப்பால் என்ற தடுப்பூசியைக் குத்துவது வழக்கம். தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயத்துக்குப் போன மாதமே குத்தியாகிவிட்டது. இன்று கீழ் லயத்தின் முறை. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியபடி நின்றார்கள். ஆனால் வரிசையில்லை. எல்லோருக்கும் முன்னால் பெரியாயி, கையைக் கட்டிக்கொண்டு.

"வாங்க மிஸ்ஸி, வாங்க." குரலில் தேன் வழிந்தது. "மேல் லயத்துக்குக் குத்துனீங்களே, அந்த மருந்து உசிரோட இருக்கா, செத்துப்போச்சா?"

"ஏன் கேக்கிறீங்க?"

"தனலெட்சுமி மகனுக்கு அம்மை வாத்திருக்கு. நீங்க குத்துன எடத்துல பக்குக்கூட உதிரல, அதுக்குள்ள ஆத்தா வந்து உக்காந்துட்டா."

"புது மாதிரி அம்மையாம் மிஸ்ஸி," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "டவுன்ல பேசிக்கிறாக. பழைய மருந்துக்கு அது மசியாதாம்."

 நளீரா கடற்கரை ஊரான கல்முனையிலிருந்து வந்து சில மாதங்கள்தான். பிரசவம் பார்க்கும் மருத்துவமாதாகப் பயிற்சி முடித்து முதல் வேலை. தோட்டம் முழுவதும் குத்தி முடித்தால் இந்தப் பக்கமே நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் வரும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். புறப்படும்போது, "சரிவராட்டி வந்திரு மகள்" என்றார் வாப்பா. அன்பாகத்தான் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. பதுளையில் றஷீதா என்பவளின் வீட்டில் அவளுக்கு ஒரு வாடகை அறை இருந்தது. அதற்கொரு சாவி. பிறந்ததிலிருந்து அவளுக்கென்று கிடைத்த முதல் சாவி. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடற்கரைக்கு இறங்க அவளுக்கு மனமே இல்லை.

"புள்ளையக் காட்டுங்க," என்றாள்.

தனலெட்சுமி வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பெண்களும் பின்னாலேயே வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். பாயில் பையன் ராசா மாதிரி சாய்ந்திருந்தான். ஆத்தா வந்த பிள்ளையை அடிக்கக் கூடாது, அதட்டவும் கூடாது. அதை அவன் மிக நன்றாகப் புரிந்துகொண்டிருந்தான். ஒரு கையில் இளநீர், மறு கையில் வாழைப்பழம்.

நளீரா அவனை மடியில் தூக்கி வைத்துச் சட்டையை உயர்த்தினாள்.  வயிற்றிலும் முதுகிலும் கொப்புளம் நெருக்கமாக இருந்தது. கையிலும் காலிலும் ஒன்றிரண்டுதான். சில இன்று முளைத்தவை, சில நீர் கோத்தவை, சில காய்ந்தே போனவை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வாழைப்பழப் பிசுக்கைத் தவிர ஒன்றுமில்லை. பெரியம்மை இப்படி வராது. முகத்திலும் கைகாலிலும்தான் நெருக்கமாக ஏறும், எல்லாம் ஒன்றாக முற்றும்.

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "அல்லாஹ்! இது கொப்புளிப்பான்!"

"யாரு அது?" என்றாள் பெரியாயி.

நளீராவின் சிரிப்பு பாதியில் நின்றது. கல்முனையில் அம்மை என்றால் ஆளைக் கொல்லும் பெரியம்மை ஒன்றுதான், மற்ற ஊர்களில் சின்னம்மை எனப்படும் கொப்புளிப்பான் வேறு. இங்கே தோலில் முளைத்தெழுவதெல்லாம் அம்மை. இது தெரியாமல் அவள் போன மாதம் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று, "இதக் குத்தினா அம்மை வராது" என்று தொண்டை கிழியக் கத்தியிருந்தாள்.

"இது அந்த அம்மை இல்ல. இது வேற."

"வேறன்னா? அம்மைன்னா அம்மைதானே?"

"பேருதான் ஒண்டு. நோய் வேற."

"பாத்தீங்களா, மருந்து புடிக்கலன்னதும் பேர மாத்துறாக," என்று பெரியாயி மற்றவர்களைப் பார்த்துச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மேட்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்: "ஏ பெரியாயி!"

"எந்தப் பெரியாயி?" மூன்று வாசல்களிலிருந்து மூன்று குரல்கள்.

"கோயிலடிப் பெரியாயி!"

"நான் குழாயடி," என்று முணுமுணுத்துக்கொண்டு பெரியாயி திரும்பினாள். நளீரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க. இந்த வாசல்ல ஒரு நாய் கட்டியிரிக்கு எண்டு வைங்க. குழாயடிப் பெரியாயிட மணத்தக் காட்டி, இவள உள்ள விடாத எண்டு பழக்கின நாய்."

"என்னையேவா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு. இண்டைக்கு வந்தது கோயிலடிப் பெரியாயி. நாய் குரைக்கல்ல. அது நாய்ட பிழையா?"

"அது எப்புடி? ஆளே வேறதானே," என்றாள் தனலெட்சுமி.

"அதேதான். நான் கட்டின நாய் பெரியம்மைக்கு. இங்க வந்திரிக்கிறது கொப்புளிப்பான். பேரு ஒண்டு, ஆள் வேற."

வாசலில் சலசலப்பு. தனலெட்சுமி விடவில்லை. "சரி மிஸ்ஸி, குழாயடியே புதுச் சீல கட்டி, முக்காடு போட்டுக்கிட்டு வந்தா?"

"பெரியம்மை அப்படிப் பெரிசா வேஷம் மாத்தாது. என்ன சீல கட்டினாலும் மணம் அதே மணம். நாய் புடிச்சிரும்."

"எல்லா நோவும் அப்புடித்தானா?"

நளீரா யோசித்தாள். இனி ஒரு சொல்லும் அளவுக்கு மீறி விழக் கூடாது. "இல்ல. சில காய்ச்சல் வருசத்துக்கு வருசம் மணத்தையே மாத்தும். பழகின நாய் தடுமாறும். வாசல்ல நிப்பாட்ட ஏலாட்டியும் சீலத் தலைப்பையாவது கவ்வும். வந்தவ பானைய உருட்டுவா, வீட்டக் கொள்ளையடிக்க மாட்டா. அதுக்குப் புது மணம் காட்டிப் பழக்கணும்."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?" என்றாள் பெரியாயி.

"ஒங்கட ஊர்ல ஒரே பேர்ல இத்தன பேர் இரிப்பாங்க எண்டு எனக்குத் தெரியாதே!"

சிரிப்பு லயத்தின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. பெரியாயி சிரிக்கவில்லை. நளீராவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ரவிக்கைக் கையைச் சுருட்டி, தோளை நீட்டினாள்.

"ம்... எங்க வாசல்லயும் ஒரு நாயக் கட்டுங்க."

அவ்வளவுதான். பிள்ளைக் காம்பரா வாசலில் வரிசை தானாக உருவாயிற்று. "எனக்கொரு நாய்!" "எம்மவளுக்கு நல்லாக் கடிக்கிற நாயாப் பாத்து!" மேட்டிலிருந்து கங்காணி, "கொழுந்து பறிக்க மலைக்கு ஏறலையா?" என்று கத்தினார். "நாய் கட்டிட்டு வர்றோம்!" என்று கீழிருந்து பதில் போயிற்று. கங்காணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கியது. இப்போதுதான் தேயிலைக்குள் ஓடி ஒளிந்தார்கள்.

குத்திய இடத்தை ஊதிக்கொண்டே பெரியாயி கேட்டாள்: "ஆமா மிஸ்ஸி, ஒங்களுக்கு அந்தக் கொப்பு... அது வந்திருக்கா?"

"இல்ல."

"அந்தப் பயல மடியில வச்சிருந்தீங்களே!"

நளீராவின் ஊசி அந்தரத்தில் நின்றது. "வந்தா?"

"வந்தா என்ன? பதுளைக்கு பஸ் இல்லையா? வேப்பங்கொழையும் இளநியும் தூக்கிக்கிட்டு நாங்க வந்து எறங்கிருவோம்."

"எத்தன பேர்?"

"எல்லாப் பெரியாயியும்."

நளீரா சிரித்த சிரிப்பில் கை ஆடியது. "ஐயோ, சிரிச்சுக்கிட்டுக் குத்தாதீங்க மிஸ்ஸி!" என்று கத்தினாள் அடுத்தவள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.